எக்காளமும் எதிர்க்குரலும்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் செப்டம்பர் பிறந்ததும், ஆண்டின் பெரும்பகுதி சத்தமின்றி மேய்ந்து திரியும் ஆண் எல்க் மான்கள் விடியற்காலையிலும் அந்தியிலும் பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்கக் குரலெழுப்பத் தொடங்குகின்றன. அக்குரல் ஓங்கி ஒலிக்கும் சில வாரங்களே, வில்லேந்திய வேடர்கள் அதே விலங்கின் குரலில் அதற்குப் பதில் சொல்லி, அதைத் தம் பக்கம் வரவழைக்க முயலும் காலமாகவும் அமைகின்றன. விலங்கின் குரலைப் பாவனை செய்து அதனை அழைக்கும் கலை உலகின் பல நிலங்களில் பல வடிவங்களில் உண்டென்றாலும், எல்க் வேட்டையில் அது பெற்றிருக்கும் நுட்பம் தனித்துக் கவனிக்கத் தக்கது. ஊதுகருவியைப் பிழையின்றி இசைக்கத் தெரிந்தவரெல்லாம் இதில் தேர்ந்தவராகிவிடுவதில்லை. மான்களுக்குள் எது எதனிடம் எப்போது எதற்காகக் குரல் கொடுக்கிறது என்பதை உணர்ந்து, ஒலி எழுப்பும் நேரத்தைவிடச் செவி கொடுக்கும் நேரத்தை நீட்டிக்கத் தெரிந்தவருக்கே அது கைவருகிறது.

எல்க், செர்வஸ் கனடென்சிஸ் என்ற விலங்கியல் பெயரைக் கொண்ட பெருமான் இனம். அமெரிக்கப் பழங்குடியினரின் வழக்கிலிருந்து வந்த வாபிட்டி என்ற பெயரும் அதற்கு உண்டு. ஐரோப்பாவில் எல்க் எனப்படுவது அமெரிக்கர்கள் மூஸ் என்று அழைக்கும் வேறொரு விலங்கு என்பதால், இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காஷ்மீரின் டாச்சிகாம் காட்டில் அருகி வாழும் ஹங்குல் மான் இதற்கு நெருங்கிய உறவு. ராக்கி மலையின் முதிர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பசிபிக் கடலோர மழைக்காடுகளில் வாழும் ரூஸ்வெல்ட் எல்க் அதனினும் பருத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழர் காணும் கடமானைவிட உருவில் பெரிதான இவ்விலங்கின் ஆண்களுக்கு மட்டுமே கிளைத்த கொம்புகள் உண்டு. அவை குளிர்காலத்தின் கடைசியில் உதிர்ந்து, கோடையில் மெல்லிய மயிர்த்தோல் போர்த்தி மீண்டும் வளர்ந்து, ஆகஸ்டு முடிவதற்குள் தோல் உரிந்து கெட்டிப்படுகின்றன.

கொம்பு கெட்டிப்படும் அதே வேளையில் ஆண்மானின் உடலில் இனப்பெருக்கச் சுரப்புகள் பெருகுகின்றன. அதுவரை ஒன்றாய் மேய்ந்த ஆண்கள் பிரிந்து ஒன்றையொன்று பகைக்கின்றன. வலுமிக்க ஓர் ஆண் பத்து, இருபது பெண்மான்களையும் அவற்றின் குட்டிகளையும் சேர்த்து வளைத்து ஒரு மந்தையாகக் காக்கிறது. வேடர்கள் இதனை மந்தைத் தலைவன் என்கின்றனர். தலைமைக்கு வலுவில்லாத இளைய ஆண்கள் மந்தையின் ஓரத்தில் சுற்றிக்கொண்டு, தலைவன் கண்ணயரும் நேரம் பார்த்திருக்கின்றன. ஒரு பெண்மானின் சேர்க்கைப் பருவம் ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிப்பதாலும், அதைத் தவறவிட்டால் மூன்று வாரம் காத்திருக்க நேர்வதாலும், தலைவனுக்கு உணவும் உறக்கமும் இரண்டாம்பட்சமாகிவிடுகின்றன. எட்டரை மாதச் சினைக்குப் பிறகு, பனி உருகிப் புல் தழைக்கும் மே, ஜூன் மாதங்களில் குட்டிகள் பிறக்க வேண்டுமானால் சேர்க்கை செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடிந்தாக வேண்டும். அழைப்பு வேட்டை முழுவதும் இந்தக் குறுகிய கால அவசரத்தின் மீதே நிற்கிறது. நவம்பரில் அதே குரலை அதே திறத்துடன் எழுப்பினாலும் பெரும்பாலான ஆண்கள் தலைநிமிர்ந்து பார்ப்பதோடு சரி.

ஆண்மானின் இக்குரலை ஆங்கிலம் பேசும் வேடர்கள் படைமுகாமில் ஊதப்படும் பியூகிள் என்ற ஊதுகொம்பின் பெயரால் அழைக்கின்றனர். தமிழில் எக்காளம் எனலாம். அது அடித்தொண்டையிலிருந்து தாழ்ந்த உறுமலாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, சீழ்க்கையைப் போன்ற கூர்மையான உச்சத்தில் சில நொடிகள் நின்று, பிறகு திடீரெனச் சரிந்து இறங்குகிறது; இறங்கிய பின் வயிற்றிலிருந்து வெட்டி வெட்டி வரும் முக்கல்கள் சிலவும் தொடர்வதுண்டு. மூன்று மனிதர்களின் எடையைத் தாண்டிய ஒரு விலங்கிடமிருந்து இத்தனை மெல்லிய கீச்சொலி எவ்வாறு பிறக்கிறது என்பது விலங்கியலாளர்களை நெடுங்காலம் வியப்பில் ஆழ்த்தியிருந்த கேள்வி. பெரிய உடலுக்குப் பெரிய குரல்நாண்கள் அமைவதும், பெரிய குரல்நாண்கள் மெதுவாக அதிர்ந்து தாழ்ந்த சுருதியைத் தருவதும் பொதுவிதி. எல்க்கின் நெருங்கிய உறவான ஐரோப்பியச் செம்மான் அவ்விதிப்படியே ஆழ்ந்து கர்ஜிக்கிறது. 2016 ஆம் ஆண்டு டேவிட் ரெபியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, எல்க்கின் எக்காளத்தில் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் கலந்து ஒலிக்கின்றன என்று காட்டியது: ஒன்று, குரல்நாண்கள் அதிர்வதால் வரும், நொடிக்கு ஏறத்தாழ 150 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலி, மற்றொன்று, காற்று சீறிப் பாய்வதால் சீழ்க்கையாக எழுந்து 4,000 அதிர்வுகள் வரை ஏறும் உச்ச ஒலி. தொலைவில் நிற்பவருக்குச் சீழ்க்கை மட்டுமே கேட்கிறது. அருகில் நெருங்கியவருக்கே அதனடியில் ஓடும் கர்ஜனை புலப்படுகிறது. அதனால்தான் தேர்ந்த வேடர்கள், கேட்கும் எக்காளத்தின் உரப்பைக் கொண்டு மட்டும் தூரத்தைக் கணிப்பதில்லை. அடிக்குரலின் கரகரப்பு காதில் விழுகிறதா என்றும் கவனிக்கின்றனர்.

இந்தக் குரல் மானுக்கு எதைச் சொல்கிறது என்பதற்கான விளக்கம் செம்மான்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்தே பெரிதும் கிடைத்தது. ஸ்காட்லாந்தை ஒட்டிய ரம் என்னும் தீவில் செம்மான்களைப் பல ஆண்டுகள் கவனித்த டிம் கிளட்டன்-பிராக்கும் ஸ்டீவ் ஆல்பனும், போட்டியிடும் இரு ஆண்கள் கொம்பு கோப்பதற்கு முன் மாறிமாறிக் கர்ஜித்து ஒன்றன் வலுவை மற்றொன்று அளந்து கொள்கின்றன என்று 1979 இல் எழுதினர். சளைக்காமல் அடுத்தடுத்துக் கர்ஜிக்க உடலில் தெம்பு வேண்டும். தெம்பில்லாத மான் அதை நடிக்க முடியாது. ஆகவே கர்ஜனை பொய் கலவாத அறிவிப்பாகிறது. சண்டையில் விழுப்புண் படுவதைவிடக் குரலைக் கேட்டே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகுவது இரு தரப்புக்கும் நல்லது என்பதால், இயற்கை இந்த ஒழுங்கைக் காத்து வந்திருக்கிறது. ஆண்களின் கர்ஜனையைத் தொடர்ந்து கேட்கும் பெண்மான்கள் விரைவிலேயே சேர்க்கைப் பருவத்தை அடைகின்றன என்று கேரன் மெக்கோம்ப் 1987 இல் பரிசோதனை வழியாக நிறுவினார். குரல், போட்டியாளனுக்கு எச்சரிக்கையாகவும் துணைக்கு அழைப்பாகவும் ஒருசேர வேலை செய்கிறது என்பதை இவ்விரண்டு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

வேடர் இந்த உரையாடலுக்குள் அந்நியராக நுழைகிறார். நுழைந்தவுடன் அவர் எழுப்பும் குரல் அவரை யாரென்று மான்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறது. ஆழமும் நீளமும் கொண்ட எக்காளத்தை எழுப்பி, அதன் முடிவில் முக்கல்களையும் அடுக்கினால், மலையில் புதிதாக ஒரு பெருந்தலைவன் வந்திருப்பதாகவே பிற ஆண்கள் கொள்ளும். அதனைக் கேட்ட இளம் ஆண் ஓசையின்றி விலகும். மந்தைத் தலைவனோ பெரும்பாலும் எதிர்க்க வராமல், தன் பெண்மான்களை ஓட்டிக்கொண்டு அடுத்த முகட்டைத் தாண்டிவிடும், ஏனெனில் ஏற்கெனவே கையிலிருக்கும் மந்தையைப் பணயம் வைத்துச் சண்டையிட அதற்குக் காரணமில்லை. பழகாத வேடர்கள் தம் குரல் எவ்வளவு பெரிதாக ஒலிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துத் தொடர்ந்து ஏமாறுவது இங்கேதான். முதிர்ந்தவர்கள் முதலில் இளம் ஆணின் மெலிந்த, முக்கலில்லாத ஒற்றைச் சீழ்க்கையையே எழுப்புகின்றனர். அது எந்த ஆணையும் அச்சுறுத்துவதில்லை, ஆனால் எங்கே யார் இருக்கிறார்கள் என்பதை வெளிக்கொணர்ந்துவிடுகிறது.

எக்காளம் புகழ்பெற்ற குரல் என்றாலும், எல்க்குகளின் அன்றாடப் பேச்சு அதில் இல்லை. ஓர் எல்க் மந்தையின் நடுவே காது கொடுத்தால் அதிகம் கேட்பது பெண்மான்களும் குட்டிகளும் பரிமாறிக்கொள்ளும் மியாவொலியே: உயர்ந்து தொடங்கிச் சற்றே குழைந்து இறங்கும் சிறு குரல், பிரிந்தவர்கள் சேர்வதற்கும், பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று உறுதி சொல்வதற்கும் பயன்படுவது. குட்டியின் குரல் இதனினும் கூர்மையானது. சேர்க்கைப் பருவத்தை அடைந்த பெண்மான் இதே ஒலியை நீட்டி, ஏக்கம் தோய இழுக்கிறது. தலைவன் தன் மந்தையை ஓட்டும்போதும் பெண்மானை நெருங்கும்போதும், குடத்து நீர் மொண்டாற்போன்ற தாழ்ந்த ஒலி ஒன்றைத் தொண்டைக்குள் எழுப்புகிறது; அதைக் காதால் கேட்கும் அளவுக்கு நெருங்கியிருந்தால் வேடர் மந்தைக்குள்ளேயே இருக்கிறார் என்று பொருள். இவை எல்லாவற்றுக்கும் மாறாக, ஐயம் தோன்றிய எல்க் நாய் குரைப்பதைப் போல ஒருமுறை வெடித்துக் குரைக்கிறது. அந்தக் குரைப்பு கேட்டபின் அந்த இடத்தில் அன்றைய வேட்டை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பெண்மான்களும் குட்டி ஈனும் பருவத்தில் எக்காளமிடுவதுண்டு என்று 2006 ஆம் ஆண்டின் ஆய்வொன்று பதிவு செய்திருப்பது, இக்குரலை ஆண்மையின் அடையாளமாக மட்டுமே கருதி வந்த எண்ணத்தைத் திருத்திற்று.

விலங்கை அதன் இனத்தைக் கொண்டே ஏமாற்றி வரவழைப்பது மனிதருக்குப் பழைய கல்வி. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் குடியிருப்பில், மற்ற மான்களைக் கவர்ந்திழுக்கப் பழக்கிய பார்வை மான் முற்றத்து விளாமரத்தில் கட்டப்பட்டிருக்கிறது. அங்கே கண்ணை ஏமாற்றியது இங்கே காதை ஏமாற்றுகிறது. மத்திய ஐரோப்பாவில் செம்மானை அழைக்க மாட்டுக் கொம்பு, உள்ளே கூடான தண்டு, பழைய விளக்கின் கண்ணாடிக் குழல், டிரைட்டன் என்ற பெருஞ்சங்கு ஆகியவற்றின் வழியே வேடர்கள் கர்ஜித்து வந்துள்ளனர். ஜெர்மனியின் டார்ட்மண்டு நகரில் நடைபெறும் வேட்டைக் கண்காட்சியில் இன்றும் இதற்குத் தேசியப் போட்டி உண்டு. அமெரிக்கச் சமவெளியின் லகோட்டா மக்களிடத்தில் எல்க்கின் குரலுக்கு வேட்டையைத் தாண்டிய பொருள் இருந்தது. பெண்மான்களைத் தன்னிடம் இழுக்கும் ஆண் எல்க்கின் ஆற்றல் காதலுக்கு உதவும் மருந்தாக எண்ணப்பட்டு, இளைஞர் காதலியை அழைக்க ஊதும் மரக்குழல் அவ்விலங்கோடு தொடர்புபடுத்தப்பட்டது. கிளார்க் விஸ்லர் என்ற மானிடவியலாளர் 1905 இல் டகோட்டா மக்களின் எல்க் பற்றிய நம்பிக்கைகளைக் கட்டுரையொன்றில் எழுதியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் வெள்ளை அமெரிக்க வேடர்கள் மூங்கில், உலோகக் குழாய், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் போன்றவற்றில் துளையிட்டு ஊதிய சீழ்க்கைகள், எக்காளத்தின் உச்சிப்பகுதியை மட்டும் ஒருவாறு ஒத்திருந்தன. திருப்பம், வான்கோழி வேட்டையிலிருந்து வந்தது. வான்கோழிகளை அழைப்போர் வாய்க்குள் வைத்து ஊதிய டயஃப்ரம் என்ற சிறு கருவியை எல்க்குக்கு ஏற்றபடி மாற்றிப் பரப்பியவர்களுள் வெய்ன் கார்ல்டன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். 1980-களில், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடவாயிலை ஒட்டிய கார்டினர் என்ற சிற்றூரைச் சேர்ந்த டான் லாபாக், ஆண்மானின் எக்காளத்தைவிடப் பெண்மானின் மியாவொலியே கூடுதலாகப் பலிக்கும் என்று வலியுறுத்தி, அதற்கெனக் கடித்து ஊதும் கருவியொன்றைச் செய்து விற்றார். இந்த இரண்டாம் திருப்பமே முதலாவதைவிட முக்கியமானது என்று சொல்லத் தோன்றுகிறது, ஏனெனில் அது வேடரின் கவனத்தைப் போட்டியிலிருந்து மந்தையின் அன்றாடப் பேச்சின் பக்கம் திருப்பிற்று.

டயஃப்ரம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கையில் ஒன்றுமில்லாத பொருளாகவே தோன்றும். குதிரை லாடத்தைப் போல் வளைத்த மெல்லிய உலோகச் சட்டம். அதன் குறுக்கே முரசுத் தோலாக இழுத்துக் கட்டிய ரப்பர்ப்பால் சவ்வு. சட்டத்தைச் சுற்றி, அண்ணத்தில் ஒட்டி உட்காரும்படி கத்தரித்த துணிப்பட்டை. இவ்வளவே. அதை அண்ணத்தில் பதித்து, நாவின் நடுப்பகுதியால் சவ்வை இலேசாக அழுத்தி, வயிற்றிலிருந்து காற்றைச் செலுத்தினால் சவ்வு அதிர்கிறது. நாதசுரத்தின் சீவாளி உதட்டின் பிடிக்கு ஏற்பச் சுருதியை மாற்றுவது போல, இங்கே நாவின் அழுத்தம் கூடக்கூடச் சுருதி ஏறுகிறது. பெண்மானின் குரலுக்கு நாவை இறுக்கித் தொடங்கி, தாடையைச் சற்றே தாழ்த்தித் தளர்த்தினால் போதும். எக்காளத்துக்கு நாவைத் தளர்த்தித் தொடங்கி, இரண்டு மூன்று படிகளாக இறுக்கி உச்சத்துக்கு ஏற்றி, அங்கே மூச்சுள்ள வரை நிறுத்தி, ஒரேயடியாக விட வேண்டும். முக்கலுக்கு விக்கலைப் போல வயிற்றை வெட்டி வெட்டித் தள்ள வேண்டும். இந்தச் சிறு சவ்வின் ஒலிக்கு விலங்கின் மார்பாழத்தை ஏற்றுவதற்கு வாயின் முன் ஒரு நீண்ட குழல் பிடிக்கப்படுகிறது; குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் பேஸ்பால் மட்டையின் இரு முனைகளையும் அறுத்துக் குழலாக்கிக் கொண்டவர்களும் பலர். தொடக்கத்தில் அண்ணத்தில் ஏதோ ஒட்டியிருக்கும் உணர்வே குமட்டலைத் தரும். அது அடங்கிச் சவ்வு நாவுக்கு வசப்பட மாதக்கணக்கில் ஆகும் என்பதால், வேடர்கள் கோடை முழுவதும் வேலைக்குக் கார் ஓட்டிச் செல்லும் வழியில் பயிற்சி செய்கின்றனர். டயஃப்ரம் ஒத்துவராதவர்களுக்கு உதட்டில் வைத்து ஊதும் நாக்குக் கருவிகளும், அமுக்கினால் ஒலிக்கும் துருத்திக் கருவிகளும் உண்டு.

கருவியின் தேர்ச்சி இத்தனை இருந்தும், காட்டில் முதல் அதிகாரம் காற்றுக்கே. எல்க் காதால் கேட்டதை நம்பினாலும் மூக்கால் உறுதிப்படுத்தாமல் நெருங்குவது அரிது. குரல் வந்த இடத்தை நோக்கி நேரே வராமல், காற்று வீசும் திசைக்குக் கீழ்ப்பக்கமாக வளைந்து வந்து மோந்து பார்க்கவே அது விரும்புகிறது. மலைச்சரிவில் காற்றுக்கு நாள்தோறும் ஓர் ஒழுங்குண்டு: இரவின் குளிரில் கனத்த காற்று விடியும் வரை சரிவில் கீழ்நோக்கி வடிகிறது, வெயில் சரிவைச் சுட்டதும் அது மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாழிகையில் எப்பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாதபடி அலைகிறது. வேடர் இடுப்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியில் மாவுப்பொடியை வைத்துக்கொண்டு, சில அடிகளுக்கு ஒருமுறை அதை அமுக்கி, எழும் பொடிப்புகை எப்பக்கம் நகர்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடியை வைக்கிறார். குரல் பிசகினால் மான் சில வேளை மன்னித்துவிடும், ஏனெனில் உண்மையான எல்க்குகளின் குரலும் பலவாறாக உடைந்தும் கரகரத்தும் ஒலிப்பவையே. மனித வாடையை அது ஒருபோதும் மன்னிப்பதில்லை.

இருவர் சேர்ந்து வேட்டையாடும்போது அமைப்பு பின்வருமாறு அமைகிறது. முகட்டிலிருந்து எழுப்பிய ஒற்றை எக்காளத்துக்குப் பள்ளத்தாக்கிலிருந்து பதில் வந்ததும், இருவரும் இனி வாய் திறவாமல், காற்றுக்கு எதிராக, மானுக்கு நூறு மீட்டர் வரை நெருங்குகின்றனர். இந்த மௌன நடையில்தான் வேட்டையின் பாதி தீர்மானிக்கப்படுகிறது. தொலைவிலிருந்தே கூவிக்கொண்டிருந்தால் மான் பதில் சொல்லிக்கொண்டே நிற்குமேயன்றித் தன் மந்தையை விட்டு வராது. வில்லாளி முன்னே, மரத்தின் முன்புறம் நிழலில், தன் உருவம் மரத்தோடு கலந்துவிடும்படி நிற்கிறார். அழைப்பவர் அவருக்கு முப்பது நாற்பது மீட்டர் பின்னே செல்கிறார். வருகிற மான் ஒலி பிறந்த இடத்தைத் துல்லியமாக அறிந்தே வரும். அங்கே ஒரு மான் கண்ணுக்குத் தெரிய வேண்டிய தூரத்துக்கு வந்ததும், தெரியவில்லையே என்று நின்றுவிடும். அப்படி அது நிற்கும் இடம் வில்லாளியின் அம்பு எட்டும் இடமாக அமைவதற்கே இந்த இடைவெளி. மேலும் அது காற்றின் கீழ்ப்பக்கம் வளைந்து வரும் என்பதால், வில்லாளி நேர்கோட்டில் நில்லாமல் அப்பக்கமாகச் சற்று விலகி நிற்கிறார்.

அழைப்பவரின் வேலை குரலோடு முடிவதில்லை. உண்மையான மந்தை நடக்கும்போது சுள்ளி முறியும், கற்கள் உருளும். ஆகவே அவர் காலால் சருகை மிதிக்கிறார், உலர்ந்த கிளையை எடுத்துப் பைன் கன்றொன்றின் பட்டையில் மேலும் கீழுமாக உரசுகிறார். ஆண் எல்க்குகள் கோபத்தில் மரக்கன்றுகளைக் கொம்பால் சிதைப்பது வழக்கம் என்பதால், அந்த உரசல் ஒலி பல வேளைகளில் எந்த எக்காளத்தையும்விட மானைத் தூண்டிவிடுகிறது. ஒரு பக்கம் திரும்பி ஒரு மியாவொலி, பத்தடி நகர்ந்து வேறு பக்கம் திரும்பிக் குட்டியின் குரல் என்று, ஒருவரே பல உயிர்களாக மாறுகிறார். மான் தயங்கி நின்றால் அவர் குரலைப் பெருக்குவதில்லை. திரும்பி, மானை விட்டு விலகிச் செல்லும் பெண்மானைப் போல மெல்லக் குரல் கொடுத்தபடி பின்வாங்குகிறார். கையை விட்டுப் போவதாகத் தோன்றும் துணையைத் தொடர்ந்து அந்த ஆண் கடைசி இருபது மீட்டரைக் கடந்து வருகிறது. பிறகு, பல வேளைகளில், எதுவும் சொல்லாமல் காத்திருப்பதே எஞ்சுகிறது. எக்காளமிட்டுக்கொண்டிருந்த மான் வாய்மூடிவிட்டால் போய்விட்டதாக எண்ணி எழுந்து நின்றவர்கள், மௌனமாக வந்துகொண்டிருந்த அதே மானைக் கலைத்திருக்கிறார்கள்.

இக்கலைக்குச் சில ஆபத்துகள் உண்டு. யெல்லோஸ்டோனைச் சூழ்ந்த மலைகளில் பெண்மானின், குட்டியின் குரலைக் கேட்டு எல்க் மட்டும் வருவதில்லை. பழுப்புக் கரடியும் ஓநாயும் வருகின்றன, அவற்றுக்கு அக்குரல் உணவின் அறிவிப்பு. ஆகவே அப்பகுதிகளின் வனவிலங்குத் துறைகள் வேடர்களைக் கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும்படி அறிவுறுத்துகின்றன. மற்றொரு வேடரும் அதே குரலைக் கேட்டு மறைந்து நெருங்கி வரக்கூடும் என்பதால், இலக்கைக் கண்ணால் முழுதும் காணாமல் அம்பு தொடுக்கக் கூடாது என்பது முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. வேட்டைக்கு இடமில்லாத யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள், பார்வையாளர்கள் விளையாட்டுக்காகக்கூட எல்க்கைப் போலக் குரலெழுப்பித் தம்பக்கம் ஈர்ப்பது குற்றம்; பருவத்தின் உச்சத்தில் ஒரு மானின் நேரத்தையும் தெம்பையும் வீணாக்குவது அதற்கு உண்மையான இழப்பு என்ற அறிவே அவ்விதியின் அடிப்படை.

வேட்டைக்கு அனுமதியுள்ள நிலத்திலும் அழைப்புக்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. மேற்கு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் இசைத்து எல்க்கை அழைப்பது சட்டவிரோதம். மனிதர் தம் மூச்சாலோ கையாலோ எழுப்பும் ஒலிக்கு மட்டுமே இடமுண்டு. 1887 இல் தியோடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கழகம் வலியுறுத்திய நேர்மையான வேட்டை, அதாவது விலங்குக்குத் தப்பிச்செல்லும் நியாயமான வாய்ப்பை விட்டு வைத்து வேட்டையாடுவது என்ற கொள்கை, இத்தகைய சட்டங்களின் பின்னணியில் இருக்கிறது. இயந்திரம் பிழை செய்யாது, களைக்காது. மூச்சு இரண்டையும் செய்யும். மானின் காதல் குரலைக் கொண்டே அதைக் கொல்வது சரிதானா என்ற கேள்வியை இந்தச் சட்டம் தீர்த்துவிடவில்லை; அக்கேள்வி எழுவது இயல்பு, எழவும் வேண்டும். வேட்டையைப் பொதுவாகத் தடைசெய்யும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாழும் இந்திய வாசகருக்கு அது இன்னும் கூர்மையாக எழும்.

ஆயினும் வட அமெரிக்க நிலத்தின் வரலாறு அதற்குச் சொல்லும் விடையையும் அறிய வேண்டும். ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன் ஏறத்தாழ ஒரு கோடி எல்க்குகள் அக்கண்டத்தில் வாழ்ந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. சந்தைக்காக இறைச்சிக்கும் தோலுக்கும், கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் கோரைப்பல்லுக்கும்கூட அவை கொன்று குவிக்கப்பட்டதால், இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஒரு லட்சத்துக்கும் குறைவாகவே எஞ்சின. கிழக்குப் பகுதியின் எல்க் இனம் அடியோடு அழிந்தது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் கடந்து விற்பதைத் தடுத்த 1900 ஆம் ஆண்டின் லேசி சட்டமும், வயோமிங் மாநிலத்தின் ஜாக்சனில் 1912 இல் அமைந்த தேசிய எல்க் சரணாலயமும், யெல்லோஸ்டோனிலிருந்து பிற மாநிலங்களுக்கு ரயிலேற்றி அனுப்பிய மந்தைகளும் மீட்சியைத் தொடங்கின. 1937 ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கியது; பிற்காலத்தில் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. 1997 இல் கென்டக்கியின் பழைய நிலக்கரிச் சுரங்க நிலங்களில் விடப்பட்ட எல்க்குகள் இன்று அங்கே பெருமந்தைகளாகிவிட்டன. இப்போது வட அமெரிக்காவில் ஏறத்தாழ பத்து லட்சம் எல்க்குகள் வாழ்கின்றன. கொலராடோ மாநிலத்தில் அவை மிகுதி. இந்த மீட்சிக்குச் செலவான பணத்தில் பெரும்பங்கு, செப்டம்பரில் மலையேறுபவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணமாகவும் வரியாகவும் வந்தது என்பதை மறுக்க முடியாது. 1984 இல் மொன்டானாவில் தொடங்கிய ராக்கி மவுண்டன் எல்க் அறக்கட்டளை, வாழிட நிலங்களைக் காக்கும் பணியோடு உலக எல்க் அழைப்புப் போட்டியையும் நடத்துகிறது. எந்தக் கருவியும் இல்லாமல் தொண்டையால் மட்டுமே அழைப்போருக்கு அதில் தனிப்பிரிவு உண்டு.

மான்களும் இதற்கிடையே பாடம் கற்றுக்கொண்டிருக்கின்றன. கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெண் எல்க்குகளுக்குக் கழுத்துப்பட்டை பூட்டிப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2017 இல் வெளியானது. வயது ஏற ஏற அவை வேட்டைப் பருவத்தில் நடமாட்டத்தைக் குறைத்து, சாலைகளுக்கு அருகில் இருக்கும்போது மறைவான, பாதுகாப்பான இடங்களைத் தேர்ந்தெடுக்கின்றன என்றும், ஒன்பது பத்து வயதைக் கடந்தவை வேடருக்கு ஏறக்குறைய அகப்படாதவையாகிவிடுகின்றன என்றும் அது காட்டியது. மந்தையின் போக்கை முடிவு செய்பவை பெரும்பாலும் இத்தகைய மூத்த பெண்மான்கள். ஆண் எவ்வளவு வேட்கையோடு எக்காளமிட்டாலும் அவை நடந்தால் அதுவும் பின்னே நடக்கிறது. வேடர்கள் மிகுந்து கூவித்திரியும் பொதுநிலங்களில், ஆண்கள் பகலில் குரலடக்கி இரவிலேயே எக்காளமிடுவதையும், மனிதக் குழலின் ஒலிக்கு முதுகு காட்டி நடப்பதையும் அனுபவமுள்ள வேடர்கள் பலர் கண்டு சொல்கின்றனர். ஆகையால் இன்று அவர்கள் முந்தைய தலைமுறையைவிடக் குறைவாகவே ஊதுகின்றனர்: விடியுமுன் இருட்டில் முகட்டில் அமர்ந்து, மான்கள் தாமாக எழுப்பும் குரலைக் கொண்டு மந்தை மேய்ச்சலிலிருந்து படுக்கைக்குச் செல்லும் வழியைக் குறித்துக்கொண்டு, நடுப்பகலில் அது படுத்திருக்கும் நிழற்சரிவுக்குக் கீழே காற்று நிலைப்படும் வரை பொறுத்திருந்து, தேவையானால் ஒரே ஒரு மியாவொலியை மட்டும் எழுப்பி, டயஃப்ரத்தை நாவால் கன்னத்து ஓரம் ஒதுக்கிவிட்டு வில்லைக் கையிலெடுக்கின்றனர்.